துணை மறைத்த வருமானம், உங்கள் தலையில் வரி: ஃபார்ம் 8857-இல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வரிக் கணக்கு (ஜாயின்ட் ரிட்டர்ன்) போட்டால், அந்த வருடத்து வரி முழுவதற்கும் இருவருமே பொறுப்பு. பாதிப் பாதி கிடையாது. ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) நினைத்தால் மொத்தத்தையும் ஒருவரிடமே வசூலிக்கலாம், விவாகரத்துக்குப் பிறகும். ஒருவர் வருமானத்தை மறைத்தது தெரியாமல் மற்றவர் கையெழுத்துப் போட்டிருந்தால், வரிச் சட்டத்தில் 1998-இல் வந்த 6015ஆம் பிரிவு மூன்று வழிகளைத் தருகிறது. ஒன்று, அப்பாவித் துணைக்கான நிவாரணம். இரண்டு, பிரிந்துவிட்டவர்களுக்கு வரிப் பொறுப்பை அவரவர் பங்காகப் பிரிப்பது. மூன்றாவது, இவை இரண்டும் பொருந்தாதவர்களுக்கு நியாயம் பார்த்துத் தருவது. மூன்றுக்கும் ஒரே விண்ணப்பம், ஃபார்ம் 8857.

ஒவ்வொரு வரி சீசனிலும் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் இந்த ஃபார்மை நிரப்புவதைப் பார்க்கிறேன். ஆள் மாறுகிறது, தவறு மாறுவதில்லை. தேதி விடுபடுவது, கையெழுத்து மறப்பது எல்லாம் இங்கே பேச்சில்லை. அவற்றை யாராவது பிடித்துவிடுவார்கள்.

8857-க்குப் பதில் ஃபார்ம் 8379-ஐ அனுப்புவது

துணையின் பழைய கடனுக்காக, உதாரணமாக மாணவர் கடனுக்காக, ஜாயின்ட் ரீஃபண்டைப் பிடித்துக்கொண்டால் அதில் உங்கள் பங்கைத் திரும்பக் கேட்பது 8379. வரிப் பொறுப்பிலிருந்தே விடுவிக்கக் கேட்பது 8857.

இரண்டு வருடத்தைத் தப்பான நாளிலிருந்து எண்ணுவது

முதல் இரண்டு வழிகளுக்கும் கெடு உண்டு. ஐஆர்எஸ் உங்கள்மேல் முதல் வசூல் நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து இரண்டு வருடம். வசூல் என்றதும் எல்லோரும் நினைப்பது, சம்பளத்தையும் பேங்க் கணக்கையும் பிடிப்போம் என்று வரும் கடைசி எச்சரிக்கைக் கடிதத்தை. அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுகிறார்கள். அதற்கு வெகு முன்பே உங்கள் ரீஃபண்டிலிருந்து அந்த வரிக்காக ஒரு தொகையை எடுத்திருந்தால், கெடு அன்றே தொடங்கிவிடுகிறது.

விவாகரத்தான ஒரு பெண் எங்களிடம் வந்தார். முன்னாள் கணவர் வேலைக்குப் போய்க்கொண்டே கன்சல்டிங்கும் செய்து, அந்தப் பணத்தை இரண்டு வருட ஜாயின்ட் ரிட்டர்னில் காட்டாமல் விட்டிருந்தார். ஆடிட்டில் அது வெளியே வந்து வரி ஏறியது. அந்தப் பெண் தனியாக ஃபைல் செய்த முதல் வருடமே ரீஃபண்டில் 340 டாலர் குறைந்து வந்தது. கூடவே சிபி49 என்ற கடிதம். ஏதோ கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறார்கள் என்று அதை மற்ற காகிதங்களோடு வைத்துவிட்டார். ஊரிலிருந்து அம்மா போனில், “மறுபடி அந்த ஆளோட எதுக்கும்மா வம்பு, கொஞ்ச நாள் பொறு” என்றிருக்கிறார். பொறுத்தார். எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகுதான் எங்களைத் தேடி வந்தார்.

எங்கள் புதிய பையன் அந்தக் கடிதத்தை மட்டும் பார்த்துவிட்டு, “நிறைய டைம் இருக்கு” என்று சொல்லிவிட்டான். அவர் பையைக் கவிழ்த்துப் பார்த்தபோது சிபி49 கிடைத்தது. இரண்டு வருடம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன.

எனக்கு இன்றும் ஆறவில்லை. இரண்டாவது வழி அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. விவாகரத்து ஆகிவிட்டது, மறைத்த வருமானம் முழுக்க முன்னாள் கணவருடையது, நிவாரணத்தை மறுக்க வேண்டுமானால், இந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது என்று ஐஆர்எஸ்தான் காட்ட வேண்டும். அந்த வழி அடைபட்டுப்போனது. மூன்றாவது வழிக்கு இந்த இரண்டு வருடக் கெடுவை 2011 ஜூலையில் எடுத்துவிட்டார்கள், அதனால் மனுப் போட முடிந்தது. ஆனால் அங்கே எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்ப்பார்கள், நம் பக்க நியாயத்தை நாமே நிலைநாட்ட வேண்டும். ஒரு வருட வரிக்கு நிவாரணம் கிடைத்தது, மற்ற வருடத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே கட்சிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இதுக்கு முன்னாடி ரீஃபண்ட் எப்பவாவது குறைஞ்சு வந்துதா?” ஞாபகமில்லை என்றால் கடன் இருக்கும் வருடத்தின் அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்டை (ஐஆர்எஸ் வைத்திருக்கும் வரவுசெலவுப் பதிவை) எடுங்கள். அதில் 706 என்ற குறியீட்டு எண் இருந்தால், வேறு வருட ரீஃபண்டிலிருந்து பணம் அங்கே போயிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் தேதிதான் பிடித்த நாள் என்று நம்பிவிடாதீர்கள். கடிதத்தைத் தேடி எடுங்கள். அந்தக் கடிதத்தில் இந்த நிவாரணத்தைக் கேட்கும் உரிமை பற்றிய அறிவிப்பு இல்லாமல் இருந்தால், கெடு தொடங்கவில்லை என்று வாதிட இடமுண்டு. வரி நீதிமன்றம் 2004-இல் அப்படி ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இந்தப் பெண்ணின் கடிதத்தில் அறிவிப்பு இருந்தது.

வரிப் பற்றாக்குறை நோட்டீஸ், பணம் கட்டச் சொல்லும் கடிதம், சொத்தின்மேல் லீன் (வரிக் கடனுக்கான பிடிப்புரிமை) பதிவு, இவை மூன்றும் கெடுவைத் தொடங்குவதில்லை. கெடு தொடங்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஆடிட்டில் வரி ஏறப்போகிறது என்று தெரிந்த உடனேயே 8857 போடலாம்.

“எனக்குத் தெரியாது” என்று ஒரு வரியில் முடிப்பது

முதல் வழியிலும் மூன்றாவது வழியிலும் தெரியுமா என்பதோடு, தெரிந்துகொண்டிருக்க வாய்ப்பு இருந்ததா என்றும் பார்ப்பார்கள். படிப்பு, வீட்டுக் கணக்கை யார் பார்த்தார், செலவு திடீரென்று கூடியதா, எல்லாம் கணக்கில் வரும். நம்மவர்களிடம் அடிக்கடி சிக்குவது என்ஆர்இ (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்திய வங்கியில் வைக்கும்) டெபாசிட் வட்டி. இந்தியாவில் அதற்கு வரியில்லை, அமெரிக்காவில் உண்டு. கணக்கு ஜாயின்ட் பெயரில் இருந்து, வட்டி வரவான எஸ்எம்எஸ் உங்கள் போனுக்கே வந்திருந்தால் தெரியாது என்பது நிற்காது. வரி உண்டென்று தெரியாது என்பதும் நிற்காது.

அடி, மிரட்டல், பணத்தைக் கண்ணில் காட்டாத கட்டுப்பாடு இருந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். 2013-இல் வந்த விதிமுறைப்படி, கொடுமைக்குப் பயந்து கேள்வி கேட்க முடியாமல் இருந்தவருக்கு, விஷயம் தெரிந்திருந்தால்கூட நிவாரணம் கிடைக்க வழியுண்டு.

மற்றவருக்குக் கடிதம் போகும் என்று சொல்லாமல் விடுவது

விண்ணப்பம் போட்டால் முன்னாள் துணைக்கு ஐஆர்எஸ் தெரிவித்தே தீரும். கொடுமை நடந்த குடும்பத்துக்கும் விலக்கில்லை. உங்கள் புது முகவரி, போன், வேலை செய்யும் இடத்தைச் சொல்லமாட்டார்கள். கையெழுத்து வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டுவது

“வரியை அவரே கட்ட வேண்டும்” என்று தீர்ப்பில் இருக்கலாம். ஐஆர்எஸ்ஸை அது கட்டுப்படுத்தாது.

ரிட்டர்னோடு சேர்த்து அனுப்புவது

கூடாது. தனியாக அனுப்புங்கள்.

எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை) அபராதத்தையும் இதில் சேர்ப்பது

வராது. அது வேறு சட்டம்.

மறுத்துவிட்டார்கள் என்று விட்டுவிடுவது

இறுதி முடிவுக் கடிதம் வந்த நாளிலிருந்து அல்ல, அதை அனுப்பிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வரி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆறு மாதமாகியும் முடிவே வரவில்லை என்றாலும் போகலாம். கடித உறையையும் எடுத்து வையுங்கள். அதன்மேல் தபால் முத்திரைத் தேதி இருக்கும்.