வாங்கி அடுக்கிய கிறிஸ்தவப் புத்தகங்களை உருப்படியாகப் படிக்க ஒரு வழி

கன்வென்ஷனுக்குப் போனால் ஸ்டாலில் நாலு புத்தகம், புது வருஷ ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டையோடு ஒரு தியானப் புத்தகம், கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்த குடும்ப வாழ்க்கைப் புத்தகம் ஒன்று என்று நம் வீட்டு அலமாரிகளில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. அதில் எத்தனையைக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறோம் என்று கேட்டால்தான் சங்கடம். சோம்பேறித்தனம் மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அட்டையில் இருக்கும் ஊழியக்காரரின் முகத்தைப் பார்த்து வாங்குகிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, வீட்டுக்கு வந்து பத்துப் பக்கம் புரட்டினால் போன வருஷம் வாங்கியதையே வேறு அட்டையில் வாங்கியிருப்பது தெரிகிறது, அதோடு சரி.

முதலில் பைபிளையே எடுத்துக்கொள்வோம். புராட்டஸ்டண்டு பைபிளில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று படித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும் என்று நம் தாத்தா பாட்டிகள் போட்ட கணக்கு சரியான கணக்குதான். ஆனால் அதே கணக்குப்படி போனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 இரண்டும் ஜனவரி முடிவதற்குள் தீர்ந்து, லேவியராகமத்தின் வாசலில் நிற்பீர்கள். முக்கால்வாசிப் பேர் நிற்கும் இடம் அதுதான். தகனபலி, போஜனபலி, குஷ்டரோகச் சட்டங்கள் என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டு, பிப்ரவரியில் ஓசைப்படாமல் விட்டுவிடுவார்கள்.

இதற்கு மாற்று உண்டு. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்ஷெய்ன் 1842-இல் தன் சபைக்கு ஒரு அட்டவணை போட்டுக்கொடுத்தார். தினமும் நாலு அதிகாரம், நாலும் வெவ்வேறு இடத்திலிருந்து. ஒரு வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடியும். லேவியராகமம் வரும் நாளிலும் கையில் வேறு மூன்று பகுதிகள் இருக்கும், அதனால் மூச்சு முட்டாது. நாலு அதிகாரம் அதிகம் என்றால் இரண்டு வருஷமாக்கிக்கொள்ளுங்கள், யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை.

அட்டவணையே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன், எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்: ஒரு முழுப் புத்தகத்தை ஒரே உட்காரலில் படிப்பது. பிலேமோனுக்கு எழுதிய கடிதம் 25 வசனம்தான், காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். மாற்கு 16 அதிகாரம், வாய்விட்டுப் படித்தாலும் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். நாம் சுவிசேஷத்தைத் துண்டு துண்டாக, பிரசங்கத்துக்கு ஏற்ற அளவில் கேட்டே வளர்ந்தவர்கள். மொத்தமாகப் படிக்கும்போதுதான் மாற்கு எவ்வளவு அவசரமாகக் கதை சொல்கிறார் என்பதும், கடைசி வாரத்துக்கு மட்டும் எவ்வளவு இடம் ஒதுக்குகிறார் என்பதும் பிடிபடும். பழைய மொழிபெயர்ப்பு நாக்கில் பழகிவிட்டது, ஆனால் பல இடம் புரிவதில்லை என்றால், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கருடையது என்று சிலர் ஒதுக்குவார்கள், அதைத் தயாரித்ததில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு.

சரி, இனி ஸ்டாலுக்கு வருவோம். ஒரு புத்தகம் கையில் வந்ததும் அட்டையை விட்டுவிட்டு நடுவில் எங்காவது திறங்கள். அந்தப் பக்கத்தில் மேற்கோள் காட்டியிருக்கும் ஒரு வசனத்தை எடுத்து, போனில் பைபிள் செயலி இருக்குமே, அதில் முன்னே பத்து வசனம், பின்னே பத்து வசனம் படியுங்கள். உதாரணத்துக்கு எரேமியா 29:11, 'சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்று வரும் வசனம், வாக்குத்தத்தப் புத்தகங்களில் இது இல்லாமல் இருக்காது. அதற்கு முந்திய வசனம் எழுபது வருஷம் பாபிலோனில் இருக்கவேண்டும் என்கிறது. அதற்கும் முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று எழுதியிருக்கிறது. இந்த எழுபது வருஷத்தைச் சொல்லாமல் பதினோராம் வசனத்தை மட்டும் கொடுத்து உங்கள் வீட்டுக் கடன் மூன்று மாதத்தில் அடையும் என்கிற புத்தகத்தைத் தாராளமாகத் திருப்பி வைத்துவிடலாம். பிலிப்பியர் 4:13-உம் அப்படித்தான். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்பதற்கு முன்னால் பவுல் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார். அதை மறைக்காத ஆசிரியர் என்றால் நம்பிப் படிக்கலாம்.

கடைசிக்காலப் புத்தகங்களுக்கு இவ்வளவு கூட வேலை இல்லை. அச்சிட்ட வருஷத்தைப் பாருங்கள், உள்ளே சொன்ன தேதி போய்விட்டதா என்று பாருங்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் பேச்சை நம்பி 1844 அக்டோபர் 22-ஆம் தேதி கர்த்தர் வருவார் என்று ஆயிரக்கணக்கானோர் காத்திருந்து ஏமாந்தார்கள். அப்புறமும் எத்தனையோ பேர் தேதி குறித்துவிட்டார்கள். அந்த நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது என்கிற மத்தேயு 24:36 எல்லார் பைபிளிலும் இருக்கிறது.

மிஷனெரி வாழ்க்கை வரலாறுகள் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் விரும்பிப் படிப்பது இதைத்தான், பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுப்பதும் இதைத்தான். நல்ல வரலாறு எது என்று கண்டுபிடிக்க, அந்த மனிதர் தோற்ற இடங்களைத் தேடுங்கள். வில்லியம் கேரியை எடுத்துக்கொண்டால், 1793-இல் வங்காளத்துக்கு வந்தார், அடுத்த வருஷம் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான், மனைவி டாரதிக்கு மனநோய் வந்து அவர் சாகும்வரை தீரவில்லை, முதல் வங்காளி கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற ஏழு வருஷம் ஆனது. 1812-இல் செராம்பூர் அச்சுக்கூடம் தீப்பிடித்துக் கையெழுத்துப் பிரதிகள் எரிந்தன. டாரதியை ஒரே வரியில் தாண்டிப் போகிற கேரி புத்தகம் எனக்கு வேண்டாம். வெற்றியை மட்டும் அடுக்கும் புத்தகத்தைப் படிக்கிற வாலிபன், தன் ஊழியத்தில் முதல் தோல்வி வந்ததும் தன்னிடம்தான் ஏதோ பாவம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். சாட்சிப் புத்தகங்களுக்கும் இதே அளவுகோல்தான்: ஊர், வருஷம், ஆள் பெயர் எதுவுமே இல்லாமல் அற்புதம் மட்டும் இருந்தால் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

அப்புறம், பழைய புத்தகங்கள். ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், நாலாம் நூற்றாண்டுப் பேராயர் அத்தனாசியுஸின் நூல் ஒன்றுக்கு எழுதிய முன்னுரையில் ஒரு யோசனை சொன்னார்: ஒரு புதுப் புத்தகம் படித்தால், அடுத்த புதுப் புத்தகத்துக்கு முன்னால் இடையில் ஒரு பழைய புத்தகம் படி. ஒவ்வொரு காலத்துக்கும் தனக்கென்று ஒரு குருட்டுத்தனம் உண்டு, வேறு காலத்து ஆள்தான் அதைக் காட்டிக்கொடுப்பான் என்பது அவர் சொன்ன காரணம். நமக்கு இதைச் செய்ய வெளியே போகவே வேண்டாம். தமிழ் எழுத்தில் அச்சுப் புத்தகமே 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்கிற பதினாறு பக்க ஜெபப் புத்தகத்தோடுதான் தொடங்குகிறது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணி 3615 பாடல். திருநெல்வேலி எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. ஜான் பனியனின் 1678-ஆம் வருஷக் கதையை எடுத்துத் தமிழ்க் காப்பியமாகவே ஆக்கிவிட்டார் மனிதர். சபையில் கீர்த்தனையாகப் பாடும் வேதநாயக சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர் என்பது பாடுகிற பலருக்குத் தெரியாது.

காப்பியத்தை முதலிலிருந்து முடிவுவரை படிக்கப் போகாதீர்கள், முடியாது. தேம்பாவணியில் உரையோடு ஒரு படலம், தினமும் ஐந்து பாட்டு, அது போதும். கடினம் என்றால் முதலில் பனியன் கதையை உரைநடையில், 'மோட்சப் பிரயாணம்' என்று நம்மிடம் பழகிய பெயரில் படித்துவிட்டுக் கிருஷ்ணப் பிள்ளைக்கு வாருங்கள், வழி தெரிந்த காட்டுக்குள் போவது போல இருக்கும்.

இங்கே ஒரு சண்டை வரும். 'உலகப் புத்தகம்' படிக்கலாமா என்று. கிருஷ்ணப் பிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர், அந்த ஊறல் இல்லாமல் அந்தக் காப்பியமே இல்லை. திருக்குறளை 1886-இலும் திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் ஜி. யு. போப், மிஷனெரி. பவுல் அத்தேனே பட்டணத்தில் கிரேக்கப் புலவரின் வரியைச் சொல்லித்தான் பேசினார், அப்போஸ்தலர் 17:28 பாருங்கள். எனவே சபை மூப்பர் யாராவது முகம் சுளித்தால் சண்டை போடாமல் இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, உங்கள் நாவலைத் தொடர்ந்து படியுங்கள்.

எப்போது படிப்பது என்பதற்கு என்னிடம் பெரிய மந்திரம் இல்லை. குடும்ப ஜெபத்தில் ஒரு பத்து நிமிஷம் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நன்றாக ஓடும், பிள்ளையிடமே புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் தமிழ் வாசிப்பும் வரும். ஒரே நேரத்தில் மூன்று புத்தகத்துக்கு மேல் திறந்து வைக்காதீர்கள். ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் மூடிவிடுங்கள், பக்திப் புத்தகத்தைப் பாதியில் விட்டால் பாவம் என்று எங்கும் எழுதியில்லை. 'அநேகம் புஸ்தகங்களை உண்டுபண்ணுகிறதற்கு முடிவில்லை' என்று பைபிளில் பிரசங்கி புத்தகத்தை எழுதியவரே அலுத்துக்கொண்டிருக்கிறார்.

சபையில் நாலு பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. மாதம் ஒரு புத்தகம், ஆளுக்கு ஒரு பிரதி வாங்காமல் இரண்டு பிரதியைச் சுற்றவிடுங்கள். பாஸ்டரை அழைக்கலாம், ஆனால் அவரே பேசி முடித்துவிடாதபடி, ஒவ்வொருவரும் ஒத்துப்போகாத ஒரு பக்கத்தைக் குறித்துக்கொண்டு வரவேண்டும் என்று விதி வையுங்கள். யார் வாங்கிப் போனார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். துரோவாவில் கார்ப்புவின் வசம் விட்டுவந்த புஸ்தகங்களைக் கொண்டுவரச் சொல்லி பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுத வேண்டியிருந்தது, அவருக்காவது யாரிடம் இருக்கிறது என்று ஞாபகம் இருந்தது.