வரிசையில் நின்றால் மயக்கம்: எனக்குக் கைகொடுத்தது

ரேஷன் கடையோ, பாடலீஸ்வரர் கோயில் தரிசனமோ, வரிசையில் நின்றால் கண் இருட்டி விழுந்துவிடுவேன். உட்கார்ந்திருக்கும்போது வந்ததே இல்லை. சர்க்கரை, ஈசிஜி, எக்கோ, தலை ஸ்கேன் எல்லாம் சரி. கடலூரில் ஒரு டாக்டர் மெட்டோபுரோலால் கொடுத்தார், இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. நாடித்துடிப்பு குறைந்தது, உடம்பு அசந்தது, மயக்கம் மட்டும் நிற்கவில்லை.

அப்புறம் புதுச்சேரியில் டில்ட் டேபிள் சோதனை. மேசையோடு வாரால் கட்டி, கிட்டத்தட்ட நிற்கிற மாதிரி நிமிர்த்தினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று கொட்டாவி மேல் கொட்டாவி, பின்னாலேயே பிரஷர் சரிந்தது. வீட்டில் அந்தக் கொட்டாவியைத் தூக்கக் கலக்கம் என்றே விட்டிருந்தோம்!

வேசோவேகல் மயக்கம் என்றார் டாக்டர்; அதாவது நரம்புகளின் தவறான எதிர்வினையால் பிரஷர் திடீரென்று சரிந்து வரும் மயக்கம். இதற்கு மெட்டோபுரோலாலை மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2006-லேயே வந்ததாம், பலனில் வித்தியாசம் தெரியவில்லையாம். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தார். எனக்கு உயர் ரத்த அழுத்தம் இல்லாததால் உப்பையும் தண்ணீரையும் கூட்டச் சொன்னார்.

உண்மையில் பலன் தந்தது இதுதான்: கொட்டாவி தொடங்கியதுமே கால்களைப் பின்னி நின்று, தொடை, வயிறு, பிட்டத் தசைகளை இறுக்கிப் பிடிப்பது. அதற்கும் அடங்காவிட்டால், யார் பார்த்தாலும் சரி, தரையில் உட்கார்ந்துவிடுவேன். அதன்பிறகு வரிசையில் விழவில்லை.