பெக் டிரில்லிங்: ஆழமான துளையைக் கொத்திக் கொத்தி எடுப்பது எப்படி?

நம்ம பக்கம் போர் போட வரும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பாறையை உடைப்பது பாதி வேலைதான். உடைந்த தூளைக் கம்ப்ரசர் காற்று மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கோவை கணபதியில் ஒரு சிஎன்சி (கணினிக் கட்டளையில் ஓடும் மெஷின்) பட்டறையில் இரும்பில் துளை போடும்போதும் இதே பாடுதான்.

துளையின் ஆழம் விட்டத்தைப் போல மூன்று, நான்கு மடங்கைத் தாண்டினால் இரும்புச் சுருள் டிரில்லின் பள்ளங்களில் அடைத்துக்கொள்ளும். சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவமும் நுனிக்குப் போகாது. அதனால் கோழி கொத்துவதுபோலக் கொஞ்சம் இறங்கி, மேலே வந்து சுருளைக் கொட்டிவிட்டு மறுபடி இறங்குகிறோம். இதற்குத்தான் பெக் டிரில்லிங் என்று பெயர்.

48 மிமீ தடிமனுள்ள எம்எஸ் (சாதாரண மென் எஃகு) பிளேட்டில் 8 மிமீ த்ரூ ஹோல், அதாவது அடிவரை ஊடுருவும் துளை, போடுவோம். முதலில் ஸ்பாட் டிரில் என்ற குட்டையான டிரில்லால் இடத்தைப் பதியுங்கள். இல்லையென்றால் நுனி நழுவும். பிளேட்டுக்குக் கீழே, துளை வரும் இடம் காலியாக இருக்கட்டும்.

அடுத்தது வேகம். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டிரில்லுக்கு வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால், 1000×25÷(3.14×8), ஏறத்தாழ 1000 ஆர்பிஎம். சுற்றுக்கு 0.15 மிமீ இறங்கினால் ஃபீட், அதாவது டிரில் இறங்கும் வேகம், நிமிடத்துக்கு 150 மிமீ.

ஆழத்தில்தான் புதியவர்கள் தவறுவார்கள். 118 டிகிரி டிரில்லின் கூர்நுனி விட்டத்தில் 0.3 பங்கு உயரம், அதாவது 2.4 மிமீ. அதையும் சேர்த்தால் 50.4. கொஞ்சம் தாராளமாக 52 வைக்கலாம். சரி, இப்போது வரியை எழுதுவோம்:

ஜி99 ஜி83 இசட்-52.0 ஆர்2.0 கியூ8.0 எஃப்150

ஜி83 என்பதுதான் பெக் டிரில்லிங் கட்டளை. ஜி99 என்றால் துளை முடிந்ததும் ஆர் உயரத்துக்கே திரும்பும். இசட் பிளேட்டின் மேற்பரப்பிலிருந்து கீழே போகும் ஆழம், எஃப் ஃபீட். ஆர் என்பது ஒவ்வொரு கொத்துக்கும் பிறகு டிரில் திரும்பி வரும் உயரம். கியூ ஒரு கொத்தின் ஆழம். கியூவில் புள்ளியை விட்டுவிடாதீர்கள்: பல கன்ட்ரோல்களில் வெறும் 8 என்றால் 8 மைக்ரான். இன்னும் சிலவற்றில் புள்ளியே ஏற்காது, 8000 என்றுதான் கொடுக்க வேண்டும். மெஷினின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

ஜி83-க்குப் பதில் ஜி73 போட்டால் டிரில் முழுதாக மேலே வராது; சற்றே பின்வாங்கிச் சுருளை ஒடிக்கும். வேகமான முறைதான், ஆனால் ஆழமான துளைக்கு நான் அதை நம்புவதில்லை.

கியூவை விட்டத்தின் அளவில் தொடங்கி, அப்புறம் சுருளைப் பாருங்கள். துண்டு துண்டாக வந்தால் நல்லது. டிரில்லில் நீளமாகச் சுற்றினாலோ கிறீச்சென்று சத்தம் கேட்டாலோ கியூவை 5-க்குக் குறையுங்கள். சுற்றிய சுருளைக் கையால் இழுக்கவே கூடாது. டிரில்லைச் சுழற்றும் ஸ்பிண்டில் நின்றபின் கொக்கியால் எடுங்கள். பம்ப் பாடி மாதிரி வார்ப்பிரும்பு என்றால் தூளாகவே உதிரும், கொத்து குறைவாகப் போதும்.

அதற்காகப் பயந்து எல்லாவற்றுக்கும் கியூ 1 என்று வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை அடியைத் தொடும்போதும் நுனி தேய்கிறது. எஸ்எஸ்ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வெட்டாமல் உரசினால் அந்த இடமே இறுகி, அடுத்த கொத்து ஏறாது.