வயிற்று பைபாஸுக்குப் பின் வந்த நடுக்கம்: என் அனுபவம்

எடை குறைக்க முதலில் வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சை செய்து, அப்புறம் அதை, சாப்பாடு சிறிய வயிற்றுப் பையிலிருந்து நேராகச் சிறுகுடலுக்குப் போகும் பைபாஸாக மாற்றிக்கொண்டவன் நான். எடை இறங்கியதும் லால்பாக் பூங்காவில் காலை ஓட்டம் தொடங்கினேன். தொல்லையும் தொடங்கியது. ஓடும்போது ஒன்றும் இல்லை. குளித்து, சாப்பிட்டு, அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகு கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும்.

இரும்புச்சத்துக் குறைவோ என்று ரத்தம் சோதித்தோம், சரியாக இருந்தது. பி12, ரத்த அழுத்தம் எல்லாமே இயல்பு. ஓடுகிற உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்று அம்மா வெல்லம் போட்ட ராகிக் கஞ்சியை இன்னொரு டம்ளர் கூட்டினார். நடுக்கமும் கூடியது.

துப்பு கொடுத்தது நேரம்தான். ஓடாத ஞாயிற்றுக்கிழமையும் நடுங்கியது, அதுவும் கஞ்சி குடித்த இரண்டு மணி நேரத்தில். அந்த நிமிடமே விரலில் குத்திப் பார்த்தேன்: சர்க்கரை 54 mg/dL, இயல்பைவிட ரொம்பக் குறைவு. இனிப்பான நீராகாரம் பைபாஸ் வயிற்றில் தங்காமல் சட்டென்று சிறுகுடலில் இறங்கிவிடும். இன்சுலின் அதிகமாகச் சுரக்கும், சர்க்கரை சரிந்துவிடும். சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து வரும் இந்தச் சரிவை 'லேட் டம்பிங்' என்றார் டயட்டீஷியன்.

கஞ்சியை நிறுத்தினேன். ஓட்டம் முடிந்ததும் முதலில் முட்டை அல்லது பனீர், அதன் பிறகே இட்லி. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். ஒரு நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம், ஆறு சிறு வேளைகளாக. நடுக்கம் நின்றுவிட்டது, பெரிய நிம்மதி. பதினொரு மணிக்குப் பையில் சுண்டல் இருக்கும். அதைக் குழைய வேகவைக்க வேண்டும், இல்லையென்றால் நெஞ்சை அடைக்கும்.