கேசரிக்குச் சர்க்கரை கடைசியில்தான்

காட்பாடியில் எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும், காதுகுத்தோ வளைகாப்போ, முதலில் அடுப்பேறுவது ரவா கேசரி. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகனைப் பார்க்கப் போகும்போதும் தூக்குவாளியில் அதுதான் வரும். சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பதால், கண்ணளவை நான் நம்புவதே இல்லை.

ஒரு டம்ளர் ரவைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், ஒன்றேகால் டம்ளர் சர்க்கரை, அரை டம்ளர் நெய்.

நெய்யில் பாதியைக் காயவைத்து முந்திரி, திராட்சையை வறுத்து எடுத்துவிடுங்கள். அதே நெய்யில் ரவையைச் சிறு தீயில் வறுக்க வேண்டும். வாசனை வரலாம், சிவக்கக் கூடாது. இன்னொரு அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். அதில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் கேசரிப் பவுடரும் போதும். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம் எனக்குப் பிடிக்காது. வசதியிருந்தால் வெந்நீரில் ஊறிய குங்குமப்பூவே போடுங்கள். கொதிநீரை ரவையில் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறி, நான்கு நிமிடம் மூடி வையுங்கள்.

இனிதான் பொறுமை வேண்டும். ஓரிரு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ நறநறவென்று நெருடினாலோ, கொஞ்சம் வெந்நீர் தெளித்து மறுபடி மூடுங்கள். மணி முழுக்க மசிந்த பிறகே சர்க்கரை. முன்னதாகப் போட்டால் சர்க்கரை ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை நேரம் கிளறினாலும் ரவை ஒழுங்காக வேகாது. பந்தியில் வாயில் நெருடும் கேசரிக்குப் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம்.

சர்க்கரை கரைந்ததும் எல்லாம் கூழாக இளகும், பயப்படாதீர்கள். மீதி நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். வாணலியில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் நெய் மினுமினுக்கும்போது ஏலப்பொடியும் வறுத்த முந்திரி, திராட்சையும் சேர்த்து இறக்கிவிடலாம். ஆறினால் இறுகும், ஆகவே சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள்.

சிலர் பாதித் தண்ணீருக்குப் பால் விடுவார்கள். ருசி கூடும்தான். ஆனால் வேலூர் வெயிலில் கோயிலுக்கு எடுத்துப்போவதற்குப் பால் சேர்க்காததே நல்லது. மிஞ்சியதை மறுநாள் சாப்பிட, இரவில் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து மூடிச் சிறு தீயில் சூடாக்குங்கள், பழையபடி இளகிவிடும்.