ஹூப்ஸ் டைனஸ்டியில் ஆள் பிடிப்பது எப்படி: சி+ கல்லூரியை வைத்துக்கொண்டு ஏ- கல்லூரியிடம் ஏமாறாமல் இருக்க

பிரெஸ்டீஜ் என்றதும் நம் வீடுகளில் குக்கர்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்ல வந்தது வேறு. வாட்இஃப்ஸ்போர்ட்ஸ் தளத்தில் ஹூப்ஸ் டைனஸ்டி என்று ஒரு கேம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து, ஆனால் நாம் பந்தைத் தொடவே மாட்டோம், கோச் வேலை மட்டும்தான். அதில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஏ+, பி-, சி என்று ஒரு எழுத்து இருக்கும். அதுதான் பிரெஸ்டீஜ், அந்தக் கல்லூரிக்கு இருக்கிற பேர். பள்ளி முடிக்கும் பையன்களை நம் அணிக்கு இழுக்கும்போது இந்த ஒற்றை எழுத்து என்ன ஆட்டம் காட்டுகிறது என்று புரிய எனக்கு மூன்று சீசன் ஆனது. அந்த மூன்று சீசனும் நான் குறித்து வைத்ததில் ஒருத்தன்கூட வரவில்லை, கடைசி நாளில் மிச்சம் மீதி இருந்தவர்களை அள்ளிப் போட்டு 12 பேர் கணக்கைச் சரிக்கட்டினேன். போன வாரம் ஆறாவது சீசனில் நாலு இடம் காலி, கேட்டவர்களில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். அந்தத் தெம்பில் எழுதுகிறேன்.

கணக்குத் தொடங்குவது, அணி எடுப்பது, லைன்அப் போடுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு மூன்றாம் பிரிவில்தான் (முதல் பிரிவு உச்சம், இது கடைசி) இடம் கொடுப்பார்கள். அங்கே எந்தக் கல்லூரியை எடுத்தாலும் பரவாயில்லை, ரொம்ப யோசிக்காதீர்கள்.

படி 1: எழுத்தைப் பாருங்கள், ஆனால் உங்களுடையதை அல்ல

எல்லாரும் முதலில் தன் கல்லூரியின் எழுத்தைப் பார்த்துவிட்டு "ஐயோ, சி தானா" என்று உட்கார்ந்துவிடுகிறோம். அது வீண் கவலை. உங்கள் சி எவ்வளவு எடுபடும் என்பது உங்கள் அணியைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் சீசன் தொடங்கியதுமே உங்கள் மாநிலத்திலும் ஒட்டிய மாநிலங்களிலும் உங்கள் பிரிவில் இருக்கிற கல்லூரிகளை ஒரு பட்டியல் போடுங்கள். கல்லூரி, எழுத்து, கோச் மனுஷனா கணினியா, இந்த வருஷம் எத்தனை பேர் படிப்பை முடித்து வெளியே போகிறார்கள், இந்த நாலு மட்டும் போதும்.

இதற்குச் சிலர் பிரவுசரில் என்னென்னவோ ஒட்டிக்கொள்கிறார்கள், எனக்கு அதெல்லாம் பிடிக்காது. கூகுள் ஷீட்ஸில் ஒரு தாள் போதும். உண்மையைச் சொன்னால் நான் முதலில் ஒரு லாங் சைஸ் நோட்டில் பென்சிலால்தான் எழுதினேன், இன்னமும் அதுவே வேகம் என்று நினைக்கிறேன், ஆனால் வரிசைப்படுத்த ஷீட் சௌகரியம். போனில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பட்டியலின் கடைசி வரியைப் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள். கடைசி வரிதான் ஆளைக் கவிழ்ப்பது, அடுத்துச் சொல்கிறேன்.

படி 2: நான் விழுந்த பள்ளம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பிரெஸ்டீஜ் ஒரு சுவர் என்று நான் நினைத்திருந்தேன். பெரிய கல்லூரியை விரும்புகிற பையன் நம்மிடம் வரவே மாட்டான், மற்றவன் வருவான் என்று. அப்படி இல்லை. அது ஒரு பெருக்கல். நீங்கள் ஒரு பையனுக்காகப் போடுகிற கவனப் புள்ளி, அவன் வீட்டுக்குப் போவது, அவனைக் கேம்பஸுக்கு அழைத்து வருவது எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டுத்தொகை ஆகிறது, அந்தத் தொகையைக் கல்லூரியின் எழுத்து ஏற்றியோ இறக்கியோ விடுகிறது. புரிவதற்காக ஒரு எண் சொல்கிறேன், இது நானே போட்ட எண்: ஒரே செலவு செய்தும் உங்களுக்கு 100 விழுகிற இடத்தில் ஏ- கல்லூரிக்கு 140 விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நீங்கள் ஒன்றரை மடங்கு செலவழித்தால் அவனை முந்தலாம். முந்த முடியும், ஆனால் இலவசமாக முடியாது.

சரி, என் கதை. இரண்டாவது சீசன். என் கல்லூரி ஒஹாயோவில், சி+. 40 மைல் தூரத்தில் ஒரு கார்டு, அதாவது வெளியே நின்று பந்தைக் கொண்டுபோகிற இடத்தில் ஆடுகிற பையன். வேகம் நன்றாக இருந்தது, பந்தைக் கையாள்வதும் அப்படியே, உழைப்பு மதிப்பெண் இன்னும் மேலே, அதாவது நாலு வருஷத்தில் நன்றாக வளருவான். (பையன்களின் பேரெல்லாம் கணினியே போடுவது, அதனால் கூகுளில் தேடாதீர்கள், நான் தேடினேன்.) புள்ளியைக் கொட்டினேன், ஒரே பையனுக்கு எத்தனை தடவை வீட்டுக்குப் போகலாமோ அத்தனை தடவையும் போனேன், கேம்பஸ் விசிட் கொடுத்தேன், ஸ்காலர்ஷிப் கொடுத்தேன், தொடக்க ஐவரில் இடம் என்று வாக்கும் கொடுத்தேன். அவனுடைய பக்கத்தில் என் கல்லூரிக்கு நேரே "மிக அதிகம்" என்று ஆர்வம் காட்டியது. அந்த அளவில் நான் ஒருத்தன்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி நிம்மதி.

பட்டியலின் அடியில் "குறைவு" என்ற வரிசையில் இன்னொரு கல்லூரி ஐந்து நாளாக இருந்தது. பக்கத்து மாநிலம், ஏ-. குறைவுதானே என்று விட்டுவிட்டேன்.

அது குறைவு இல்லை, பதுங்கல். வீட்டுக்குப் போவது, கேம்பஸ் விசிட் போன்றவை எடுத்த உடனே செய்ய முடியாது, அந்தப் பையன் மேல் கொஞ்சம் கவனப் புள்ளி போட்டு வைத்தால்தான் திறக்கும். அந்த கோச் புள்ளியைச் சிறுகச் சிறுகப் போட்டு எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, காசை மடியில் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறான். கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய சுற்றில் (நாம் போட்டதையெல்லாம் குறித்த நேரத்தில் கேம் கணக்குப் பார்ப்பதுதான் சுற்று) ஒரே மூச்சில் இறக்கினான். காலையில் பார்த்தால் அவனும் "மிக அதிகம்". என்னிடம் பதிலுக்குப் போட ஒரு டாலர் இல்லை. பையன் அங்கே போய்விட்டான்.

இதிலிருந்து நான் பின்பற்றுவது மூன்று. ஒரு பையனின் பட்டியலில் உங்களைவிட உயர்ந்த எழுத்து எங்கே இருந்தாலும், எந்த வரிசையில் இருந்தாலும், அவன் போட்டியாளன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மொத்தப் பணத்தையும் முதல் வாரத்தில் கரைக்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு கடைசிவரை கையில் இருக்கட்டும். மூன்றாவது கொஞ்சம் தந்திரம்: நீங்களும் அதையே செய்யலாம், உங்களைவிடக் கீழான எழுத்துள்ள கல்லூரி ஒரு பையனைக் கையில் வைத்திருந்தால். எனக்கு முதலில் மனசு உறுத்தியது. இப்போது உறுத்துவதில்லை.

படி 3: பையனுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்

ஒவ்வொரு பையனுக்கும் விருப்பப் பட்டியல் ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் பக்கமா தூரமா, ஆட நேரம் வேண்டுமா, எந்தப் பாணி ஆட்டம், வலுவான கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்கிற கல்லூரிகளின் குழு) வேண்டுமா, நீண்ட நாள் அதே கோச் இருக்க வேண்டுமா என்று போகும். இரண்டு விஷயம் எதிரும் புதிரும்: வெற்றி பெறும் அணி வேண்டும் என்பவன், புதிதாகக் கட்டி எழுப்பும் அணி வேண்டும் என்பவன். சி எழுத்துக்காரர்கள் இரண்டாமவனைத் தேடுங்கள். அதோடு ஆட்ட நேரமும் கேட்கிறவனாக இருந்தால் அவன் உங்களுக்கென்றே பிறந்தவன். ஏ கல்லூரியில் ஏற்கெனவே நல்ல ஆட்கள் நிறைந்திருப்பார்கள், புதுப் பையனுக்கு நேரம் எங்கிருந்து வரும்? உங்களிடம் வேண்டியது கிடைக்கும், தரமான ஆள் இல்லாததே இங்கே வசதி.

நிஜத்திலும் இப்படித்தான் நடக்கிறது. கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டெஃப் கரியைப் பள்ளி முடிக்கும்போது பெரிய கல்லூரிகள் ஒல்லி, குள்ளம் என்று கண்டுகொள்ளவில்லை, அவர் வட கரோலினாவில் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியில் சேர்ந்தார், 2008இல் தேசியக் கல்லூரிப் போட்டியில் அந்த அணி கடைசி எட்டு வரை போனது. டேவிட்சன் கோச் பெரிய கல்லூரிகளோடு மல்லுக்கட்டி அவரைப் பிடிக்கவில்லை. அவர்கள் பார்க்காத பையனைப் பார்த்தார். கேமில் சின்ன எழுத்தை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலையும் இதுவே, அதனால் ஸ்கௌட்டிங்குக்கு, அதாவது பையன்களைத் தேடி எடைபோடுவதற்கு, செலவு செய்யத் தயங்காதீர்கள்.

படி 4: எதிரியின் காலி இடங்களை எண்ணுங்கள்

இதை நான் ரொம்பத் தாமதமாகக் கண்டுபிடித்தேன். உங்களுக்குக் கிடைக்கும் பணமும் கவனப் புள்ளியும் உங்கள் அணியில் எத்தனை இடம் காலி என்பதைப் பொறுத்தது. ஏ- கல்லூரிக்கு ஒரே ஒரு இடம் காலி, உங்களுக்கு ஐந்து என்றால், அவனுடைய எழுத்து பெரிது, பை சின்னது. உங்கள் பை பெரிது. அங்கே தைரியமாக மோதலாம், அதுவும் பையன் உங்கள் வீட்டுப் பக்கம் என்றால். தூரம் குறைந்தால் ஒவ்வொரு விசிட்டின் செலவும் குறையும். அதே ஏ- கல்லூரியில் ஐந்து பேர் வெளியே போகிறார்கள் என்றால் அந்த வருஷம் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். அவர்கள் அணியில் யார் கடைசி வருஷம், எந்த இடத்தில் ஆடுகிறவர்கள் போகிறார்கள் என்று பார்த்தாலே எந்த மாதிரிப் பையனைத் தேடுவார்கள் என்பது தெரிந்துவிடும். அவர்களிடம் மூன்று சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) இருக்கும்போது நீங்கள் ஒரு சென்டருக்காகப் பயப்பட வேண்டாம்.

வாக்குக் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. தொடக்க ஐவரில் இடம், இத்தனை நிமிடம் என்று வாக்குக் கொடுத்தால் எழுத்துக் குறைவு கொஞ்சம் ஈடாகும். கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். நான் ஒருவனை ஏமாற்றினேன், அவன் அடுத்த வருஷம் வேறு அணிக்கு மாறிப் போய்விட்டான்.

படி 5: சுற்று நேரம்

எல்லாம் கிழக்கு அமெரிக்க நேரம். இரவு 8 மணிச் சுற்று என்றால் இந்தியாவில் மறுநாள் காலை 5:30. அலாரம் வையுங்கள், அவ்வளவுதான்.

பின்சேர்க்கை 1: அவ்வளவுதான் என்று எழுதியது தப்பு. நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், மார்ச்சில் முன்னால். நாம் எதையும் மாற்றுவதில்லை. அதனால் அதே சுற்று நவம்பரிலிருந்து மார்ச் வரை நமக்கு 6:30. நண்பர் ஒருவர் மார்ச் மாற்றத்துக்கு அப்புறமும் பழைய 6:30 கணக்கிலேயே எழுந்து, சுற்று முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் பணத்தைப் போட்டிருக்கிறார். பாவம், ஒரு தடவை அலாரம் வைத்தால் போதும் என்ற மாதிரி நான் எழுதியதை நம்பித்தான்.

பின்சேர்க்கை 2: "ஒரு சீசன் நன்றாக ஆடினால் எழுத்து ஏறுமா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஏறும், ஆனால் கடைசிச் சில சீசன்களைச் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதால் ஒரே ஒரு நல்ல வருஷத்தால் பெரிதாக அசையாது. முதல் பிரிவுக்குப் போனால் இன்னொரு தொல்லை: அங்கே ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு அடிமட்டம் உண்டு, பெரிய பேர் உள்ள கல்லூரி தோற்றாலும் அந்த மட்டம் அதை மேலே இழுக்கும், சின்னது ஜெயித்தாலும் கீழே இழுக்கும். அநியாயமாகத் தெரியும், ஆனால் நிஜ உலகத்தைப் பாருங்கள். 2022இல் தேசியப் போட்டிக்கு செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரி 15ஆம் நிலை அணியாக (பலத்தின்படி 16 நிலைகளில் கடைசிக்கு முந்தையது) வந்து முதல் சுற்றிலேயே பெரிய பேர் உள்ள கென்டக்கியைச் சாய்த்து கடைசி எட்டு வரை போனது, 15ஆம் நிலை அணி எதுவும் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லை. உடனே கோச் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார், முக்கிய ஆட்டக்காரர்கள் பலரும் கலைந்தார்கள். எழுத்து ஏற எதுவும் அங்கே மிஞ்சவில்லை.

இதற்கு நேர் எதிர் கன்சாகா. வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேனில் ஒரு சின்னக் கல்லூரி. 1999இல் கடைசி எட்டு வரை போனதும் அங்கேயும் கோச் டான் மான்சன் மினசோட்டாவுக்குப் போய்விட்டார். ஆனால் கூடவே இருந்த உதவி கோச் மார்க் ஃப்யூ பொறுப்பேற்று அங்கேயே தங்கிவிட்டார். அப்புறம் வருஷா வருஷம் போட்டிக்குத் தகுதி, 2017, 2021 இரண்டு தடவை இறுதி ஆட்டம். அத்தனையும் பலவீனமான கான்ஃபரன்ஸ் ஒன்றில் இருந்துகொண்டு. கேமிலும் ஏறுகிறவர்கள் இப்படி ஒரே கல்லூரியில் பத்துப் பன்னிரண்டு சீசன் உட்கார்ந்தவர்கள்தான் என்பது நான் பார்த்தவரை. கல்லூரி மாறினால் அந்த எழுத்து உங்களோடு வராது, அங்கேயே இருக்கும். "நீண்ட நாள் கோச்" கேட்கும் பையன்களிடமும் நீங்கள் மறுபடி புதுசு.

பின்சேர்க்கை 3: கணினி நடத்தும் ஏ கல்லூரிக்கும் இதே பயம் வேண்டுமா என்று ஒருவர் கேட்கிறார். அவ்வளவு வேண்டாம். கணினி பதுங்கிப் பாய்ந்து நான் பார்த்ததில்லை. பட்டியலில் மனுஷனா கணினியா என்று ஒரு கட்டம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஆனால் நடு சீசனில் யாராவது அந்தக் கல்லூரியை எடுத்துக்கொண்டால் பட்டியலைத் திருத்துங்கள். எனக்குக் கிடைக்காமல் போன அந்த நாலாவது பையன் போன இடம் அப்படி ஒரு கல்லூரிதான், என் தாளில் இன்னமும் "கணினி" என்றே இருக்கிறது.