அலுவலகத்திலிருந்து நேராக ரிசப்ஷனுக்கு: மாலை மேக்கப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகூர்த்த மாதங்களில் சென்னையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது வாரம் தவறாமல் வரும் சிக்கல். பத்திரிகையில் மாலை 6.30 முதல் வரவேற்பு என்று போட்டிருக்கும். ஓ.எம்.ஆர். பக்கம் வேலை முடியவே 5.30 ஆகிவிடும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு மாம்பலத்திலோ வடபழனியிலோ இருக்கும் மண்டபத்துக்கு வருவதெல்லாம் நடக்காத காரியம். அலுவலக ஓய்வறையில் கிடைக்கும் அரை மணி நேரத்தில்தான் புடவை, தலை, முகம் எல்லாம்.

அந்த அரை மணி நேரம் தாராளமாகப் போதும். ஆனால் பெரும்பாலானவர்கள் காலையில் போட்ட மேக்கப்பின் மேலேயே மாலை மேக்கப்பையும் ஏற்றுகிறார்கள். கீழே நான் சொல்லப்போகும் தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது. மாலைக்கு முகத்தைத் தயார் செய்வதில் முதல் வேலை எடுப்பது. போடுவது அதற்கு அப்புறம்.

மாலை ஐந்து மணிக்கு முகத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். காலை சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன், காம்பாக்ட், அவற்றோடு கலந்த வியர்வை உப்பு, எண்ணெய்ப்பசை, பேருந்திலும் ரயிலிலும் ஒட்டிய தூசி. நம் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் வியர்வை சீக்கிரம் காய்வதில்லை. முகத்து எண்ணெய் ஊறிய ஃபவுண்டேஷன் காலையில் இருந்ததைவிடக் கறுத்துத் தெரியும். அதைப் பார்த்ததும் கை தானாகக் காம்பாக்டுக்குப் போகும். எண்ணெய் மேல் பவுடரை அழுத்தினால் அது திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். மூக்கின் இரு பக்கமும், சிரித்தால் மடியும் கோட்டிலும், புருவங்களுக்கு நடுவிலும் முதலில் தெரியும்.

உங்கள் காம்பாக்டைத் திறந்து பார்த்தாலே இது புரியும். நடுவில் பளபளவென்று ஒரு கெட்டித் தோல் படிந்திருக்கும். பஞ்சு உங்கள் முகத்து எண்ணெயைக் கொண்டுபோய்ப் பவுடரில் அப்பியதால் வந்தது அது. அங்கிருந்து பவுடர் சரியாக வராது. செல்லோ டேப்பை ஒட்டி எடுத்தால் அந்தத் தோல் பிய்ந்து வந்துவிடும். பஞ்சை வாரத்துக்கு ஒருமுறையாவது சோப்பு போட்டு அலசிக் காய வையுங்கள்.

சரி, எப்படி எடுப்பது? முதலில் டிஷ்யூவை முகத்தில் ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் நல்லபடி இருக்கும் இடமும் கலைந்துவிடும். பிறகு பஞ்சில் துளி மாய்ஸ்சரைசர் எடுத்து, உடைந்துபோன இடங்களில் மட்டும் துடைத்தெடுங்கள்: மூக்கோரம், மோவாய், கண்ணுக்குக் கீழே. அங்கு மட்டும் கொஞ்சம் கன்சீலர் வைத்து விரல் நுனியால் தட்டுங்கள். ஒரு நிமிடம் விட்டு நெற்றி, மூக்கு, மோவாயில் மட்டும் பவுடர். கன்னத்துக்கு வேண்டாம். நாள் முழுக்க ஏசியில் இருந்த தோல் மேலே எண்ணெயாகத் தெரிந்தாலும் உள்ளே வறண்டுதான் இருக்கும். அதில் பவுடர் ஏற ஏறச் சுருக்கக் கோடுகள் எடுத்துக்காட்டும்.

முழுதாக முகம் கழுவுவதும் நல்லதுதான், நேரமும் ஃபேஸ்வாஷும் கையில் இருந்தால். ஓய்வறையில் வைத்திருக்கும் கை கழுவும் சோப்பை முகத்துக்குப் போடாதீர்கள். முகம் இழுத்துப் பிடிக்கும், அதன் மேல் எது போட்டாலும் வெடித்துக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, வரிசை. முகத்தை முடித்துவிட்டுத் தலைக்கு ஸ்ப்ரே அடித்தால் அது முகத்தில் வந்து விழும். முதலில் உடை, அடுத்து தலை, கடைசியில் முகம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வெளிச்சம் செய்யும் ஏமாற்று

அலுவலக ஓய்வறையில் பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். மண்டபத்திலோ மஞ்சள் விளக்குகள், மேடையில் வீடியோக்காரரின் விளக்கு, அதற்கு மேல் கேமரா ஃபிளாஷ். வெள்ளை வெளிச்சத்தில் முகம் வெளிறித் தெரிவதால் அடிக்க வேண்டியதைவிட அதிகமாக அடித்துவிடுவோம். நிறத் தேர்வும் தவறிப்போகும். பகலில் அழகாக இருக்கும் பீச், இளம் ஆரஞ்சு ப்ளஷ் எல்லாம் மஞ்சள் விளக்கில் தோலோடு கரைந்து காணாமல் போகும். மாலைக்கு ரோஜா, பெர்ரி, மெரூன் சாயல்தான் நிற்கும். ஜன்னலோரம் போய் ஒருமுறை, முடிந்தால் மஞ்சள் பல்பின் கீழே ஒருமுறை முகத்தைப் பாருங்கள்.

ஃபிளாஷ் விஷயம் தனி. கல்யாண ஆல்பத்தில் சிலருடைய முகம் மட்டும் மாவு பூசியது போல வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு கலந்த சன்ஸ்கிரீன்களும், சிலிக்கா அதிகமுள்ள நிறமில்லாத வெள்ளைப் பவுடர்களும் ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிப்பதால் வருவது அது. கண்ணாடியில் தெரியவே தெரியாது. கிளம்பும் முன் ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துப் பார்த்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். அதற்காகப் பகல் சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். சென்னையில் டிசம்பரில் 6 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், ஜூனில் 6.30 தாண்டியும் வெளிச்சம் இருக்கும். நாலரைக்கே வண்டியில் கிளம்புகிறவர்களுக்கு சன்ஸ்கிரீன் வேண்டியதுதான். மண்டபத்துக்குள் போன பிறகு அதற்கு வேலையில்லை.

அடுத்த தவறைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். விசேஷம் என்றால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தன் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷனை எடுப்பது. மாநிறத்தின் மேல் அது சாம்பல் பூத்தது போல உட்காரும். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், காது இன்னொரு நிறம். ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்ற பெயரே 2020இல் ‘க்ளோ அண்டு லவ்லி’ ஆகிவிட்டது. ஆனால் கடையில் நிறம் பார்த்துத் தரும்போது ஒரு படி வெளுப்பாக எடுத்துக்கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. தாடை எலும்பின் மேல் மூன்று கோடு இழுத்து, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு மறைந்துபோகிறதோ அதுதான் உங்களுடையது. மஞ்சள் விளக்கின் கீழ் நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வரும் பொன்மினுக்கு வேறு எந்த நிறத்துக்கும் வராது. அதை மூடி மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

கண், உதடு, பொட்டு

காலையில் இட்ட மை மாலைக்குள் கீழே இறங்கியிருக்கும். அதன் மேலேயே மறுபடி இழுத்தால் கருவளையம் இரட்டிப்பாகத் தெரியும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் துளி மாய்ஸ்சரைசர் தொட்டு இமைக்குக் கீழே சுத்தம் செய்துவிட்டு, மேல் இமையில் மட்டும் புதிதாக மை போட்டு லேசாகக் கலைத்துவிடுங்கள், மாலைக்கு அது போதும். பழைய மஸ்காராவின் மேல் புதியதை ஏற்றினால் இமை முடிகள் ஒட்டிக்கொள்ளும், உதிர்ந்து கன்னத்தில் விழும். மஸ்காரா திறந்து மூன்று மாதமானால் தூக்கிப் போடுங்கள். தோழியின் காஜலைக் கேட்டு வாங்கிப் போடுவதை அறவே விடுங்கள். மழைக்காலத்தில் மெட்ராஸ் ஐ ஓர் அலுவலகம் முழுக்கச் சுற்றி வர அது ஒன்று போதும். லேபிள் இல்லாத சுர்மா வகைகளில் ஈயம் கலந்திருக்கலாம். அவற்றைக் குழந்தைகள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

லிப்ஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேட் லிக்விட் லிப்ஸ்டிக்கின் மேல் இன்னொரு பூச்சு போட்டால் உரியும். துடைத்துவிட்டுப் போடுங்கள். வண்டி சீட்டுக்கு அடியில் வெயிலில் வைத்த லிப்ஸ்டிக் இளகிப்போயிருக்கும், மேக்கப் பையை மேலே கொண்டுவந்துவிடுங்கள்.

ஸ்டிக்கர் பொட்டு மேக்கப்பின் மேல் நிற்காது. அந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கண்ணாடியில் ஒட்டி வைத்த பழைய பொட்டை எடுத்து வைக்காதீர்கள். சில பொட்டுகளின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் சிலருக்கு அந்த இடத்தில் தோல் வெளுக்கக் காரணமாகிறது. தோல் மருத்துவர்கள் நம் நாட்டில் நெடுநாளாகப் பார்த்துவரும் விஷயம் இது. பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெளுப்போ தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பார்கள். முகத்தில் பட்டதும் கையால் துடைத்தால் பவுடரில் கோடு விழும். அப்படியே விட்டு, காய்ந்ததும் டிஷ்யூவால் ஒருமுறை ஒற்றினால் சரியாகிவிடும்.

தலை

தலை விஷயத்தில் தவறுகள் காலையிலேயே தொடங்கிவிடுகின்றன. மாலை விசேஷம் என்று காலையில் தலைக்குக் குளித்து, காயாமலே பின்னிப்போட்டு, அதன் மேல் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு கிளம்புவது. ஈர முடி வலுவிழந்தது, இழுத்தால் நீண்டு அறுந்துவிடும். ஈரத்தோடு மூடி வைத்த தலையில் மாலைக்குள் பிசுபிசுப்பும் வாடையும் வந்துவிடும். முந்தின நாள் மாலையே குளித்துவிடுங்கள். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் சும்மா வந்த பழக்கமில்லை. முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதை அது குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்வதில்லை என்றும் 2003இல் இந்தியாவில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் விசேஷத்தன்று காலையில் எண்ணெய் வைக்காதீர்கள். நெற்றிக்கு வழியும், பருவும் வரும், மேக்கப்பும் நிற்காது.

வண்டி ஓட்டுகிறவர்கள் உச்சியில் கொண்டையோ கிளட்ச் கிளிப்போ போட்டு அதன் மேல் ஹெல்மெட் வைப்பது அலங்காரத் தவறு மட்டுமில்லை, ஆபத்து. ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. கீழே விழுந்தால் கிளிப்பே குத்தும். பிடரியில் தளர்ந்த பின்னல், அதன் மேல் மெல்லிய பருத்தித் துணி, அப்புறம் ஹெல்மெட். மண்டபத்துக்குப் போய்ப் பின்னலை அவிழ்த்தால் அலை அலையாக இருக்கும், அதையே அரைக்கொண்டையாக முடிந்துகொள்ளலாம். உச்சியில் படிந்துபோன முடி எழும்ப வகிடை விரல் அளவு தள்ளி எடுத்தால் போதும், பின்னோக்கிச் சீவிச் சிக்காக்க வேண்டியதில்லை.

பிசுபிசுப்புக்கு டிரை ஷாம்பூ நல்லதுதான். நெருக்கமாக அடித்தால் நம் கறுப்பு முடியில் வெள்ளைத் தூள் தெரியும். ஒரு சாண் தள்ளி வேர்ப்பகுதியில் அடித்து, இரண்டு நிமிடம் விட்டு விரலால் தேய்த்துவிடுங்கள். முகத்துப் பவுடரைத் தலையில் கொட்டாதீர்கள்.

ஸ்ட்ரெய்ட்னர் வைக்கும்போது ‘சொய்ங்’ என்று சத்தம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவி முடித்தண்டுக்குள் குமிழ் குமிழாக வெடிக்க, சில நாளில் அதே இடத்தில் முடி ஒடியும். பெரும்பாலானோருக்கு 180 டிகிரிக்கு மேல் தேவையே இல்லை. மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150 போதும்.

பூவுக்கு வருவோம். மல்லி மாலையில்தான் விரியும். ஐந்து மணிக்கே முழுதாக விரிந்த சரத்தை வாங்கினால் எட்டு மணிக்குப் பழுத்துவிடும். மொட்டாக வாங்குங்கள், மேடையேறும் நேரத்துக்குச் சரியாக விரிந்து மணக்கும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடித்து, கட்டிய பிறகும் தாங்குவதால் விசேஷத்துக்கு அதைத் தேடி வாங்குவதில் பொருளிருக்கிறது. ஸ்ப்ரே அடித்துக் காய்ந்த பிறகு பூ வையுங்கள், பூவின் மேல் ஸ்ப்ரேயும் சென்ட்டும் பட்டால் சீக்கிரம் வாடும். பட்டுப் புடவையிலும் சென்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை போகாது.

நாலைந்து முழம் பூவையும் சவுரியையும் நாலு முடியில் தொங்கவிட்டால் பாரமெல்லாம் காதோர முடிக்குத்தான் போகும். இறுக்கி இறுக்கிச் சீவும் பழக்கத்தோடு இதுவும் சேர்ந்தால் நெற்றியோரம் முடி பின்வாங்கத் தொடங்கும். வருடக்கணக்கில் இழுபட்டால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காமலே போகவும் வாய்ப்பு உண்டு. பின்னலை நடுவிலிருந்து தொடங்கி, யூ பின்னைப் பின்னலுக்குள் நுழைத்து அதில் பூவை மாட்டுங்கள். கண்ணோரம் தோல் இழுப்பது போல இருந்தால் அது அதிகம், அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

இரவு வீட்டுக்கு வந்ததும் களைப்பில் அப்படியே படுத்துவிடாதீர்கள். பூவையும் பின்களையும் முதலில் எடுத்துவிட்டு, கண் மையை எண்ணெய் தொட்ட பஞ்சால் பத்து விநாடி மூடி வைத்துத் துடையுங்கள். தேய்த்தால் இமை முடி உதிரும். பிறகு ஃபேஸ்வாஷ். ஸ்ப்ரே அடித்த தலையை வறட்டுச் சீப்பால் இழுக்காமல், உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்து முடியில் தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்துத் தளரப் பின்னிக்கொள்ளுங்கள். தலைக்குக் குளிப்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.